முதல் வாரத்தில் ஒரு நூல்: பல்கலைக்கழகங்கள் தட்டிக்கழிக்கும் கடமை

ஆண்டுதோறும் ஜூலை பிறந்தால் கேரளக் கல்லூரிகளுக்குள் புதிய மாணவர்கள் நுழைகிறார்கள். முதல் வாரத்தில் அவர்களுக்கு என்னென்ன கிடைக்கின்றன என்று எண்ணிப் பார்ப்போம். அடையாள அட்டை, கட்டண ரசீது, ராகிங்கில் ஈடுபட மாட்டேன் என்ற உறுதிமொழிப் படிவம், கிரெடிட் கணக்கை விளக்கும் பவர்பாயிண்ட், மேடை நிறைய விருந்தினர்கள், மணிக்கணக்கில் சொற்பொழிவு. பெரும்பாலான இடங்களில் ஒன்று மட்டும் கிடைப்பதில்லை: படிப்பதற்கு ஒரு நூல். படிப்பதற்கென்றே கட்டப்பட்ட நிறுவனம், வாசலில் வந்து நிற்கும் பிள்ளையின் கையில் ஒரு நூலைக்கூட வைக்காமல் உள்ளே அழைத்துக்கொள்கிறது. இதை மறதி என்று மன்னித்துவிட முடியாது. இது கடமை தவறியதுதான்.

நாம் கேட்பது எளிமையானது. சேர்க்கை உறுதியான அன்றே, எந்தத் துறை மாணவரானாலும், அனைவருக்கும் ஒரே நூலைக் கொடுக்க வேண்டும். வகுப்பு தொடங்கும் முன் அவர்கள் அதைப் படித்துவிட்டு வர வேண்டும். முதல் வாரத்தில் பதினைந்து பேர் கொண்ட குழுக்களாக, ஓர் ஆசிரியருடன் வட்டமாக உட்கார்ந்து அந்த நூலைப் பற்றிப் பேச வேண்டும். தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இது நெடுநாள் வழக்கம். 1998இல் சியாட்டில் நூலகத்தினர் ஒரு நகரமே ஒரு நூலைச் சேர்ந்து படிக்கலாம் என்று முயன்று காட்டினார்கள். இப்படிச் சேர்ந்து படித்தால், இயற்பியல் படிக்க வந்தவரும் வணிகவியல் படிக்க வந்தவரும் முதல் நாளிலேயே பேசிக்கொள்ள ஒரு பொதுப் பொருள் கிடைக்கிறது. ஊர், சாதி, மொழி, பள்ளி என்று பிரிந்து வந்தவர்களுக்கு, எல்லாரும் சேர்ந்து நிற்க ஓர் இடம் அமைகிறது.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. பொறியியல் கல்லூரிகளில் புதிய மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகக் காலம் வேண்டும் என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் வகுத்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் ‘தீட்சாரம்ப்’ என்ற பெயரில் எல்லா இளநிலை மாணவர்களுக்கும் அதே போன்ற வழிகாட்டுதலை வெளியிட்டது. வாசிப்பு, எழுத்து, விவாதம் ஆகிய இலக்கியச் செயல்பாடுகள் அந்தத் திட்டத்தின் உறுப்புகள். 2024 ஜூலை 1 அன்று கேரளம் நான்காண்டு இளநிலைப் படிப்பைத் தொடங்கி, புதிய மாணவர்களை வரவேற்பதை மாநிலம் தழுவிய விழாவாகவே நடத்தியது. வழிகாட்டுதல் இருக்கிறது, நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, விழாவும் நடக்கிறது. நூல்தான் இல்லை. அந்த நேரத்தைச் சொற்பொழிவுகள் விழுங்கிவிடுகின்றன. கேட்டுக்கொண்டிருப்பதுதான் கல்வி என்று முதல் நாளே பழக்கிவிட்டு, மூன்றாம் ஆண்டில் ‘இவர்கள் கேள்வி கேட்பதே இல்லை’ என்று அங்கலாய்க்க ஆசிரியர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பதில்லை, கைப்பேசியிலேயே கிடக்கிறார்கள்’ என்பது நாம் அன்றாடம் கேட்கும் குற்றச்சாட்டு. இதைச் சொல்வோர் கேரளத்தின் வரலாற்றை நினைவுகூர வேண்டும். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் காலத்தில், 1829இல், ஒரு நூலகம் உருவானது. இன்று பாளையத்தில் மாநில மத்திய நூலகமாக நிற்பது அதுதான். 1945இல் பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கத்தைத் தொடங்கினார். ஊர் ஊராக நடந்து, நூலகம் இல்லாத இடத்தில் நூலகம் வைக்கச் சொன்னார். அந்த இயக்கத்துக்கு 1975இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருது கிடைத்தது. பணிக்கர் மறைந்த ஜூன் 19 வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. மலையாளிகள் பிறக்கும்போதே வாசிப்பு ஆர்வத்தோடு பிறந்துவிடவில்லை. யாரோ நூலைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தார்கள், அதனால் படித்தார்கள். வாசிப்பு என்பது அமைப்புகள் உழைத்து உண்டாக்கும் பழக்கம். அந்த உழைப்பைப் பல்கலைக்கழகம் செய்யாமல் விட்டுவிட்டு மாணவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம்.

இந்த அநியாயத்தைத் திருவனந்தபுரத்தின் வலியசாலையில் நின்று பார்த்தால் இன்னும் உறைக்கும். சாலைக் கடைத்தெருவின் இரைச்சலைத் தாண்டிப் போனால் காந்தளூர் மகாதேவர் கோயில். சுற்றிலும் அக்கிரகாரத் தெருக்கள். தலைமுறைகளாகத் தமிழ் பேசும் குடும்பங்கள். முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தி அவனுடைய வெற்றிகளின் தொடக்கத்திலேயே சொல்லும் காந்தளூர்ச்சாலை இங்கேதான் இருந்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. அது எப்படிப்பட்ட இடம் என்பதை நமக்கு உணர்த்துவது ஆய் மன்னன் கருநந்தடக்கன் பொ.ஆ. 866இல் வெளியிட்ட செப்பேடு. இன்றைய குமரி மாவட்டத்தின் பார்த்திவபுரத்தில் அவன் ஒரு கோயிலையும் அதனோடு சேர்ந்த கல்விச் சாலையையும் நிறுவினான். காந்தளூரின் முறையே அந்தச் சாலைக்கும் முறை என்று விதித்தான். 95 பேருக்கு அங்கே இடம். வேதக் கிளைகளின்படி 45, 36, 14 என்று அந்த இடங்கள் பகிரப்பட்டிருந்தன. இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும், மூன்று அரசுகளின் காரியங்களை நடத்தும் அறிவு வேண்டும் என்று நுழைவுக்கே தகுதி வைத்திருந்தார்கள். இன்னதைத் தெரிந்தவரே உள்ளே வரலாம் என்ற பொதுப் படிப்பு ஒன்று அந்த நிறுவனத்துக்கு இருந்தது.

அந்தப் பெருமையைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. அந்த 95 இடங்களும் பிறப்பால் ஒதுக்கப்பட்டவை. உழுதவர், மீன் பிடித்தவர், தெருவைத் துப்புரவு செய்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை. அது திறக்கப் பல நூறு ஆண்டுகள் ஆயின. வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, வயலில் உழைத்த மக்களின் பிள்ளைகளைப் பள்ளியில் உட்கார வைப்பதற்காக வாழ்நாளெல்லாம் போராட வேண்டியிருந்தது. திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12 அன்று வந்தது. அடுத்த ஆண்டு, 1937இல், திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தது. இன்றைய கேரளப் பல்கலைக்கழகம் அதுவே. கதவு திறந்துவிட்டது, அது பெரிய காரியம். ஆனால் உள்ளே வந்த எல்லாரும் சேர்ந்து படிக்க என்ன வைத்தோம்? சிலருக்கு மட்டும் பொதுப் படிப்பு வைத்திருந்தது பழைய சாலை. எல்லாருக்கும் இடம் கொடுத்த புதிய பல்கலைக்கழகம் பொதுப் படிப்பையே கைவிட்டிருக்கிறது. இரண்டுமே குறைதான். முதலாவதை வரலாறு திருத்திவிட்டது, இரண்டாவதைத் திருத்த வேண்டியவர்கள் நாம்.

எந்த நூலைக் கொடுப்பது என்ற கேள்வி உடனே எழும். தேர்வுக் குழுவின் வேலையை நாம் பறித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனாலும் ஒரு நூலை முன்வைக்காமல் இந்த வாதத்தை முடித்தால் அது வெறும் உபதேசமாகிவிடும். தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் எழுதிய ‘தோட்டியின் மகன்’ நாவலை நாம் முன்வைக்கிறோம்.

ஆலப்புழை நகரில் வாளியும் மண்வெட்டியுமாக மலம் அள்ளிய மூன்று தலைமுறையின் கதை அது. மலையாளத்தின் மகத்தான நாவல்களில் ஒன்று. அதன் மனிதர்களின் பெயர்களோ இசக்கிமுத்து, சுடலைமுத்து. அவர்கள் தமிழர்கள். கேரள நகரங்களின் கழிவைச் சுமக்கத் தமிழ் மண்ணிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வாழ்வை ஒரு மலையாளி எழுதினார். அதைத் தமிழில் தந்தவர் நாகர்கோவில்காரரான சுந்தர ராமசாமி. 1956 வரை நாகர்கோவிலும் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. தமிழையும் மலையாளத்தையும் கசடறக் கற்ற ஆர். இ. ஆஷர் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். மூன்று மொழிகளில் கிடைக்கும் நூல் இது. திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியின் தமிழ்த் துறையில் சேரும் வலியசாலைப் பிள்ளையும், நெடுமங்காட்டிலிருந்து வரும் மலையாளப் பிள்ளையும், வடக்கிலிருந்து வரும் பிள்ளையும் தத்தம் மொழியில் படித்துவிட்டு ஒரே வட்டத்தில் உட்காரலாம்.

இந்த நூலை நாம் தேர்ந்தது துப்புரவுத் தொழிலாளர் மீது இரக்கம் ஊட்டுவதற்காக மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். இதன் நடுவில் இருக்கும் கேள்வி பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் சொந்தக் கேள்வி. தன் மகன் தோட்டியாகிவிடக் கூடாது என்பது சுடலைமுத்துவின் ஒரே ஆசை. அதற்காகக் காசு காசாகச் சேர்க்கிறான். கூட வேலை செய்பவர்களிடமிருந்து விலகுகிறான். அவர்கள் கட்டிய சங்கத்தைக் காட்டிக்கொடுக்கவும் துணிகிறான். மேலே உள்ளவர்களை நம்பிப் பணத்தையும் இழக்கிறான். தகப்பன் பிள்ளைக்காகச் செய்தது நியாயமா? தான் ஏறுவதற்காகத் தன்னோடு இருந்தவர்களை மிதிக்கலாமா? ஏற விடாத ஊரின் குற்றம் என்ன, ஏற முயன்றவனின் குற்றம் என்ன? குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்திருக்கும் பிள்ளை ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய ஆசையைச் சுமந்துகொண்டுதான் வந்திருக்கிறது. நகை அடகுக்குப் போயிருக்கும், நிலம் கைமாறியிருக்கும், ஒரு தங்கையின் படிப்பு நின்றிருக்கும். அந்தச் சுமையைப் பற்றி வாய்விட்டுப் பேச நம் கல்லூரிகள் எந்த மேடையும் தருவதில்லை. ஒரு நாவல் தரும்.

இது பழங்கதை என்று தள்ளுவோர் 2024 ஜூலையை நினைத்துப் பார்க்கட்டும். நான்காண்டுப் படிப்பின் வரவேற்பு விழா நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 13 அன்று, வலியசாலையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் கால்வாயில் குப்பையை அகற்ற இறங்கிய தற்காலிகத் தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். மலைபோல் அடைந்து கிடந்த பிளாஸ்டிக் குப்பைக்கு நடுவே மீட்புப் படையினர் இரவு பகலாகத் தேடினார்கள். 15ஆம் தேதி உடல் கிடைத்தது. கால்வாயைச் சுத்தம் செய்யும் பொறுப்பு ரயில்வேயுடையதா மாநகராட்சியுடையதா என்ற வாக்குவாதம், உடல் கிடைக்கும் முன்பே தொடங்கிவிட்டது. மனிதக் கழிவைக் கையால் அள்ளும் வேலையை 1993இல் ஒரு சட்டமும் 2013இல் இன்னொரு சட்டமும் தடைசெய்தன. ஆனாலும் கழிவுநீரில் மனிதனை இறக்கிவிட்டு மேலே நிற்கும் வழக்கம் நாடெங்கும் நின்றபாடில்லை. அந்த ஜூலையில் முதலாண்டு மாணவர்கள் எல்லாரும் தகழியின் நாவலைப் படித்திருந்தால் நகரம் தன் கேள்விகளைச் சற்றுக் கூர்மையாகக் கேட்டிருக்கும். ரயில் நிலையத்தின் அடியில் கால்வாய் எப்படிப் போகிறது என்று அறிவியல் மாணவர் கேட்டிருப்பார். தற்காலிகத் தொழிலாளிக்கு என்ன கூலி, என்ன காப்பீடு என்று வணிகவியல் மாணவர் கேட்டிருப்பார். சட்டம் இருந்தும் ஏன் நடக்கிறது என்று அரசியல் அறிவியல் மாணவர் கேட்டிருப்பார். ஒரே நூல் இத்தனை துறைகளையும் ஒரு கால்வாயின் கரைக்குக் கூட்டிவந்திருக்கும்.

எதிர்ப்புகளையும் எடுத்துக்கொள்வோம். செலவாகும் என்பார்கள். வரவேற்பு விழாவின் பந்தல், ஃபிளெக்ஸ், பொன்னாடை, நினைவுப் பரிசு ஆகியவற்றைக் குறைத்துவிட்டு இந்தப் பேச்சைத் தொடங்கலாம். பதிப்பகங்களோடு பேசி மாணவர் பதிப்பு கொண்டுவருவது பல்கலைக்கழகத்தால் ஆகாத காரியமும் இல்லை. செயற்கை நுண்ணறிவிடம் சுருக்கம் கேட்டுவிட்டு வந்துவிடுவார்கள் என்பார்கள். மதிப்பெண்ணுக்காக வைக்கும் கட்டுரையில் அது நடக்கும். பதினைந்து பேர் முகம் பார்த்துப் பேசும் வட்டத்தில், சுடலைமுத்து செய்தது சரியா என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால் சுருக்கம் கைகொடுக்காது. இலக்கியம் எங்கள் துறை இல்லை என்று ஆசிரியர்கள் சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்குத்தான் இந்த ஏற்பாடு முக்கியம். வேதியியல் பேராசிரியர் ஒருவர் ‘இந்த இடம் எனக்கும் பிடிபடவில்லை, சேர்ந்து பார்ப்போம்’ என்று மாணவர்கள் முன்னால் சொல்வதைவிடச் சிறந்த முதல் பாடம் வேறில்லை.

இவற்றையெல்லாம்விடக் கனமான எதிர்ப்பு ஒன்று உண்டு. நூல் என்றால் சர்ச்சை வரும். சர்ச்சை வந்தால் நிர்வாகம் அஞ்சும். அந்த அச்சம் என்ன செய்யும் என்பதை 2020 நவம்பரில் பார்த்தோம். திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், முதுநிலை ஆங்கிலப் பாடத்திட்டத்தில் இருந்த அருந்ததி ராயின் ‘வாக்கிங் வித் த காம்ரேட்ஸ்’ நூலை, ஏபிவிபி மாணவர் அமைப்பு புகார் கொடுத்ததும் நீக்கியது. அந்த இடத்தில் மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகளை வைத்தது. அந்த நூலோடு உடன்படாதவர்கள் இருக்கலாம், கடுமையாக மறுப்பவர்களும் இருக்கலாம். மறுக்க வேண்டிய இடம் வகுப்பறை. படித்தவர்கள் வகுப்பில் மறுத்திருந்தால் அது கல்வி. படிக்க விடாமல் பட்டியலிலிருந்து எடுத்தது கோழைத்தனம். அதில் கிருஷ்ணனுக்கும் அவமதிப்பு நேர்ந்தது. இந்தியக் காடுகளைப் பற்றி அவரைப் போல் எழுதியவர் அரிது. அவருடைய எழுத்து அதன் தகுதிக்காகப் பாடமாகியிருக்க வேண்டும்; யாரையோ வெளியேற்றிய ஓட்டையை அடைக்க அது பயன்பட்டிருக்கக் கூடாது. அந்தப் பல்கலைக்கழகம் தாங்கி நிற்கும் பெயரையும் நினைக்க வேண்டும். பெ. சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில், இன்று பல்கலைக்கழகக் கல்லூரியாக இருக்கும் மகாராஜா கல்லூரியில், தத்துவம் கற்பித்தவர். 1891இல் ‘மனோன்மணியம்’ நாடகத்தை வெளியிட்டவர். கல்வெட்டுகளைப் படித்துத் திருவிதாங்கூர் வரலாற்றின் பழைய நம்பிக்கைகளைக் கேள்விக்கு உட்படுத்தியவர். அப்படிப்பட்ட ஆசிரியரின் பெயரில் இயங்கும் நிறுவனம் ஒரு புகாருக்குப் பணிந்தது நமக்குத் தலைகுனிவு.

பணியாமல் நின்றவர்களும் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகம் 2002இல், நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்த மறு ஆண்டே, குர்ஆனின் தொடக்க காலச் சூராக்களை மொழிபெயர்த்து விளக்கும் மைக்கேல் செல்ஸின் நூலைப் புதிய மாணவர்களுக்குத் தேர்ந்தது. நாடே கொதித்தது. வழக்குப் போட்டார்கள். விவாதத்தைத் தடுக்க நீதிமன்றம் மறுத்தது. பல்கலைக்கழகம் நூலை மாற்றவில்லை. படிக்க விருப்பமில்லாத மாணவர், ஏன் விருப்பமில்லை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கலாம் என்று வழிசெய்தது. மறுப்பவரின் மனசாட்சிக்கும் இடம் கிடைத்தது, நூலும் தன் இடத்தில் நின்றது. இன்னொரு பக்கம், தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் கல்லூரி 2013இல் ஆலிசன் பெக்டெலின் ‘ஃபன் ஹோம்’ நூலைத் தேர்ந்ததற்காக, மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை 2014இல் அந்தக் கல்லூரியின் நிதியில் 52,000 டாலரை வெட்ட வாக்களித்தது. நூலை வெறுப்பவர்கள் எந்த நாட்டிலும் இருப்பார்கள். அந்த நேரத்தில் நிர்வாகம் யார் பக்கம் நிற்கிறது என்பதில்தான் அதன் தரம் தெரியும்.

எனவே நாம் சொல்வது இது. கேரளப் பல்கலைக்கழகம் வரும் கல்வியாண்டிலேயே பொது வாசிப்பைத் தொடங்க வேண்டும். ஆசிரியர், மாணவர், நூலகர் ஆகியோர் அடங்கிய குழு, வாசிப்பு நாளான ஜூன் 19 அன்று நூலை அறிவிக்க வேண்டும். ஒரு மாணவரும் விடுபடாமல் இலவசமாக, அவரவர் மொழியில், அச்சு நூலாகக் கொடுக்க வேண்டும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒலி வடிவமும் பிரெயில் வடிவமும் அதே நாளில் கிடைக்க வேண்டும். நூல் யாருடைய வாழ்வைப் பேசுகிறதோ அவர்களை விவாத மேடைக்கு அழைத்து, ‘எங்களைப் பற்றி எழுதியது சரியில்லை’ என்று சொல்லும் உரிமையையும் தர வேண்டும். துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தினர் பல்கலைக்கழக மேடையில் தகழியை மறுத்துப் பேசினால் அது தகழிக்கும் பெருமை. அறிவித்த நூலை எந்தக் கட்சி, எந்த அமைப்பு, எந்த மதம் எதிர்த்தாலும் திரும்பப் பெறுவதில்லை என்று சிண்டிகேட் முன்கூட்டியே தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அந்த உறுதி இல்லாத நிர்வாகம் இந்தத் திட்டத்தைத் தொடங்காமலே இருக்கட்டும்; கொடுத்த நூலைப் பறிப்பது கொடுக்காததைவிடக் கேடு.

இந்தத் தீர்ப்பு கேரளத்தோடு நிற்பதும் இல்லை. தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்களுக்கும் இலங்கையில் தமிழர் படிக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இதே கடமை உண்டு. மாணவரிடம் கட்டணமும் வருகைப் பதிவும் ஒழுங்கும் கேட்கும் நிறுவனம், பதிலுக்குத் தான் முதலில் தர வேண்டியதைத் தந்துவிட்டுக் கேட்கட்டும். புதியவர்களைச் சமமானவர்களாக உட்கார வைத்து, கடினமான ஒரு நூலை அவர்கள் கையில் கொடுத்து, ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்பதே பல்கலைக்கழகம் அவர்களுக்குச் செய்யும் முதல் மரியாதை. அதைச் செய்ய மறுக்கும் துணைவேந்தருக்கும் சிண்டிகேட்டுக்கும் மாணவர்களின் வாசிப்பைப் பற்றிக் குறை சொல்லும் அருகதை இல்லை.